நாற்காலி சம்பந்தம்

"அப்பா, நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு மாப்பிள்ளை வீட்ல கேட்டாங்க. நான் அரேஞ்சர்னு சொல்லிட்டேன்" என்றாள் மகள்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "போச்சு."

சாப்பாட்டு மேசை முழுக்க ஐந்து கோடு போட்ட தாள்களைப் பரப்பி வைத்து, அதில் சாப்பிட இடமே இல்லாமல் செய்திருந்த பென்சில் நிமிர்ந்து பார்த்தார். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் முப்பது வருஷமாகக் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டே திரிகிற மனிதரை ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் பென்சில் பென்சில் என்று கூப்பிட்டு, இப்போது கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"அரேஞ்சர்னு சொன்னதுல என்ன தப்பு? அதுதானே என் வேலை?"

"எதிர் வீட்டுக்காரர் வந்து, 'நீங்க அரேஞ்சராமே, எங்க மாடியில ஒரு விசேஷம், அம்பது நாற்காலி அரேஞ்ச் பண்ணிக் குடுங்க'ன்னு கேட்டாரே, மறந்துடுச்சா?"

"அதான் பண்ணிக் குடுத்தேனே!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பென்சில் தாள்களுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அறுபது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா அது. அதற்கு ஓர் இசையமைப்பாளர் உண்டு. நகரத்தில் அவர் படம் இல்லாத சுவர் கிடையாது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தங்களுக்குள் அவரை முணுமுணுப்பு என்பார்கள். ஏனென்றால் அவர் செய்வதெல்லாம் காரில் போகும்போது போனில் ஒரு வரியை முணுமுணுத்து அனுப்புவது மட்டும்தான். "லல்ல லாலா, லல்ல லாலா, அப்புறம் பெரிசா வரும், பாத்துக்கோ" என்பார். நடுவில் ஹார்ன் சத்தம் வேறு.

அந்த ஒரு வரியை அறுபது பேருக்குப் பங்கு பிரிப்பதுதான் பென்சிலின் வேலை. வயலினிடம் கொடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். கிளாரினெட்டிடம் கொடுத்தால் யாரோ தூங்கி எழுந்து முதல் வார்த்தை பேசுவது போல இருக்கும். அடியில் செல்லோக்கள் மூச்சு விடட்டும். பித்தளை ஹார்ன் ஊதுகிறவர்களுக்கு உதடு வலிக்கும், நாலு எண்ணிக்கை ஓய்வு கொடு. புல்லாங்குழல்காரிக்கு இது ஏழாம் மாசம், அவளுக்கு நீளமாக மூச்சு இழுக்கிற இடம் எதுவும் வேண்டாம். இப்படியெல்லாம் யோசித்து யோசித்து எழுதுவார், அழிப்பார், எழுதுவார். போன தடவை முணுமுணுப்பு பாதியில் ஒரு தும்மல் தும்மிவிட்டார். அதையும் விடாமல் பென்சில் அந்த இடத்தில் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டுக்கு ஓர் அடி வைத்தார். மறுநாள் பத்திரிகையில், 'அந்த ஒற்றை சிம்பலில் மேதைமை ஒளிர்கிறது' என்று எழுதியிருந்தார்கள். மேதை மறுபடி தும்மியதோடு சரி.

அந்த ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு பேருக்கு ஒரு தாள் ஸ்டாண்ட். அதனால், "வயலின் ஆறு ஸ்டாண்ட், வயோலா மூணு ஸ்டாண்ட்" என்று ஸ்டாண்டை வைத்துத்தான் ஆட்களை எண்ணுவார்கள். பென்சில் எழுதிய தாள்கள் இங்கே வாசித்து முடிந்ததும் பிரதி எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போகும். மேலே முணுமுணுப்பின் பேர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஓரத்தில் பென்சிலின் பேர் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும்.

"அப்பா, கேக்குறீங்களா? ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. அவங்க வீட்ல அவங்கப்பா சொல்றதுதான் முடிவு. அவர் சரின்னா சரி, இல்லைன்னா இல்லை. அதிகம் பேச மாட்டாராம், ரொம்பக் கூச்ச சுபாவமாம். அவர் ஏதாவது தப்பா புரிஞ்சுக்கிட்டுக் கேட்டாக்கூட மறுத்துப் பேசி சங்கடப்படுத்திடாதீங்கப்பா."

"நான் ஏம்மா மறுத்துப் பேசப்போறேன்?"

"நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதும்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வரப்போகும் சம்பந்தி ஒல்லியாக, உயரமாக இருந்தார். பக்கத்து ஊரில் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, "தண்ணி போதும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு பெண்கள் இருவரும் வீட்டைப் பார்க்க உள்ளே போனார்கள். பிள்ளையும் பெண்ணும் பால்கனிக்குப் போனார்கள். கூடத்தில் இரண்டு அப்பாக்களும் இரண்டு டீயும் மட்டும் மிஞ்சின.

சம்பந்தி மூன்று தடவை தொண்டையைச் செருமினார்.

"சார், ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"தாராளமா கேளுங்க."

"பொதுவா ஒரு நிகழ்ச்சிக்கு நீங்க எத்தனை நாற்காலி வச்சுக்குவீங்க?"

வந்துவிட்டது. இங்கேயும் வந்துவிட்டது. 'நான் நாற்காலி போடுகிறவன் இல்லை' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. பாவம், கூச்ச சுபாவமுள்ள மனிதர், முதன்முதலாக வாயைத் திறந்து கேட்கிறார். நீங்கள் நினைத்தது தப்பு என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் என்ன ஆவார்? பிறகு ஒரு நாள் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பென்சில் தீர்மானித்தார்.

"ஹாலைப் பொறுத்ததுங்க. சாதாரணமா ஒரு நானூறு."

சம்பந்தியின் டீ சாஸரில் சிந்தியது. "நானூறா!"

"நெருக்கிப் போட்டா நானூத்தம்பதுகூடப் போடலாம்."

"எங்க ஊர்ல முப்பத்திரண்டைத் தாண்டினதே இல்லீங்க சார்."

"சின்ன ஊர்தானே" என்று பென்சில் ஆறுதல் சொன்னார்.

"பத்தலைன்னா வெளியிலேர்ந்து எடுப்பீங்களா?"

"எடுப்போம். லாரியில அடுக்கிக் கொண்டுவந்து இறக்கிடுவாங்க."

"அடுக்கியா?"

"ஒண்ணு மேல ஒண்ணு. இருபது இருபதா."

சம்பந்தி கொஞ்ச நேரம் கண்ணை மூடி அதை மனசுக்குள் பார்ப்பது போலிருந்தது. பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்றும் தெரிந்தது. டீயைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு, இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பது போலக் கேட்டார்.

"இந்தக் கடைசி நாற்காலி இருக்கு பாருங்க... அதைப் பத்தி நீங்க என்ன நினைப்பீங்க சார்?"

"கடைசியா?" பென்சில் சிரித்தார். மனிதரைக் கொஞ்சம் சிரிக்க வைத்தால் இறுக்கம் குறையும் என்று தோன்றியது. "அங்க யாருங்க பாக்கப்போறா? ஆடுறது, கிறீச்சுன்னு கத்துறது, காலம் போன கட்டை எல்லாத்தையும் கடைசியிலதான் தள்ளிடறது. அது இல்லாமப் போனாலும் ஒருத்தருக்கும் தெரியாது!"

சம்பந்தி சிரிக்கவில்லை. எழுந்துகொண்டார். உள்ளே எட்டிப் பார்த்து, "கிளம்பலாமா?" என்றார்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளைப் பையனிடமிருந்து மகளுக்கு போன் வந்தது. பேசிவிட்டு அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் மனைவி அடுப்பை அணைத்தாள்.

"என்னப்பா சொன்னீங்க அவர்கிட்ட? வீட்டுக்குப் போய் சாப்பிடவே இல்லையாம். 'எவ்வளவு பெரிய மனுஷர், நாற்காலிக்கு ஒரு மதிப்பு குடுக்கத் தெரியலையே'ன்னு ஒரே வருத்தமாம்."

"நாற்காலிக்கா? அதுக்கு எதுக்கு மதிப்பு?"

"நானும் கேட்டேன். 'அப்பா அதைப் பத்தி வாயே திறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்'னுட்டார்."

"நாப்பது வருஷம் ஆபீஸ்ல ஒரே நாற்காலியில உட்கார்ந்தவரு" என்றாள் மனைவி. "பாசம் இருக்காதா? நம்ம வீட்டுப் பழைய மிக்ஸியைத் தூக்கிப் போட நான் விட்டேனா?"

இதைக் கேட்டதும் பென்சிலுக்கு மனசு கரைந்துவிட்டது. அவசரப்பட்டு ஒரு மனிதரின் பாசத்தைக் கேலி செய்துவிட்டோமே! உடனே போனை எடுத்தார்.

"சம்பந்தி..."

மனைவி கிள்ளினாள். இன்னும் ஆகவில்லை.

"சார், இன்னைக்கு ஏதோ விளையாட்டா பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. நாற்காலின்னா எனக்கு உசுரு. அது இல்லாம நான் ஏது?"

மறுமுனையில் குரல் மலர்ந்தது. "நிஜமாவா சார்? நீங்க அப்படிப்பட்டவர்தான்னு எனக்குத் தெரியும் சார். தாளைப் பாத்தாலே தெரியுமே!"

தாள் எங்கிருந்து வந்தது என்று பென்சில் யோசிக்கவில்லை. போனை அதோடு வைத்திருந்தால் இந்தக் கதையும் அதோடு முடிந்திருக்கும். வைக்க விடாமல் சம்பந்தி ஆசையாகக் கேட்டார். "பொதுவா எப்படிப்பட்ட நாற்காலி சார் உங்களுக்குப் பிடிக்கும்?"

பென்சில் சுற்றிலும் பார்த்தார். ஜன்னலோரம் கிடந்த சாய்வு நாற்காலி கண்ணில் பட்டது.

"கை நல்லா இருக்கணும் சார். கைதான் முக்கியம். கை போயிடுச்சுன்னா அப்புறம் அது எதுக்கு லாயக்கு, சொல்லுங்க? மூலையில போட்டுட வேண்டியதுதான்."

"சரிதாங்க சார்" என்றது கம்மிய குரல். "நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்குவேன்."

"என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

"ஒத்துக்கிட்டார்" என்றார் பென்சில் பெருமையாக.

மறுநாள் காலையில் மகள் அழுதுகொண்டே வந்தாள். "அறைக்கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காராம்ப்பா. 'அந்த வீட்ல நாம எப்படிப் போய் நிக்கிறது'ன்னு கேக்குறாராம். நீங்க போன் பண்ணப்புறம்தான் இப்படி!"

மனைவி போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனிமே நீங்க பேசவே வேண்டாம். வர்ற சனிக்கிழமை கச்சேரிக்கு அவங்களைக் கூப்பிடுவோம். வந்து கண்ணால பாக்கட்டும், காதால கேக்கட்டும். நிகழ்ச்சித் தாள்ல உங்க பேர் அச்சாகி வருமில்ல? அதைப் பாத்தா எல்லாம் தானா விளங்கிடும்."

நல்ல யோசனைதான். பென்சில் அரங்க அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே கணினி முன் இருந்த பெண்ணிடம் பணிவாகக் கேட்டார்.

"அம்மா, என் பேருக்கு முன்னால அரேஞ்ச்மென்ட்டுன்னு போடாதீங்க. ஜனங்க தப்பா புரிஞ்சுக்கிறாங்க. தமிழ்ல போட்டுடுங்க."

"சரி சார்."

மாலையில் வந்த மாதிரித் தாளில், ஒலிபெருக்கிக்கும் குடிநீருக்கும் நடுவில், 'ஏற்பாடு' என்று போட்டு அவர் பேர் இருந்தது. மறுபடி ஓடினார்.

"ஏற்பாடு இல்லம்மா. இசைக்கோர்ப்பு."

"இடம் பத்தாதே சார். கொஞ்சம் சுருக்கிக்கலாமா?"

"எப்படியோ போடுங்க. கோர்ப்புன்னு இருந்தாப் போதும்."

அச்சாகி வந்த தாளை மனைவிதான் முதலில் படித்தாள். 'மேடை மலர் அலங்காரம், கோர்ப்பு' என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலின் முழுப்பேர்.

"நாற்காலியிலேர்ந்து பூவுக்கு வந்துட்டீங்க" என்றாள். "பதவி உயர்வுதான்."

அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் போய், தாள்களை ஒதுக்கிவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். "எனக்குப் பேரெல்லாம் வேண்டாம்டி. முப்பது வருஷமா வேணும்னு கேட்டிருக்கேனா? பாப்பா அந்த வீட்டுக்குப் போறப்போ, அவ அப்பன் என்ன செய்யறான்னு தெரிஞ்சவங்க ஒருத்தராவது அங்க இருக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

மனைவி அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கூர் சீவிக்கொண்டு வந்து மறுபடி செருகினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அரங்க வாசலில் காவலாளி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஏற்பாடு நீங்கதானே? அன்னைக்குத் தாள்ல பாத்தேன். கடைசி ரெண்டு வரிசைக்கு நாற்காலி வரலை. பின்னால ஷெட்டுல கிடக்கு. ஜனம் வேற வர ஆரம்பிச்சாச்சு."

"நான் அதுக்கான ஆள் இல்லீங்க. நான் கோர்ப்பு."

"அப்போ பூவை முடிச்சுட்டு வாங்க."

பென்சில் வாசலைப் பார்த்தார். ஒரு வயதான தம்பதி நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். தன் பாட்டைக் கேட்க வந்தவர்கள் கால் கடுக்க நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. ஷெட்டுக்குப் போனார். நாலு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் வாசலுக்குள் நுழைவதும், சம்பந்தி குடும்பத்தோடு எதிரே வந்து நிற்பதும் ஒரே நேரத்தில் நடந்தது.

"சார்..." என்றார் சம்பந்தி திகைத்துப்போய். "நீங்களே நாற்காலியை..."

முப்பது வருஷமாகப் பென்சில் சேர்த்து வைத்திருந்த பொறுமை அந்த இடத்தில் தீர்ந்தது. நாலு நாற்காலியையும் தடதடவென்று தரையில் போட்டார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சார், இன்னைக்குத் தெளிவா சொல்லிடறேன். எனக்கும் நாற்காலிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது! இருந்ததும் இல்ல, இனிமே இருக்கப்போறதும் இல்ல!"

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஆனால் எதிரே நின்றவரின் முகம் வெளுத்துவிட்டது.

"புரிஞ்சுதுங்க சார்" என்றார். "சம்பந்தம் கிடையாதுன்னு நீங்க வீட்லயே சொல்லியிருக்கலாம். சரி, இவ்வளவு தூரம் வந்துட்டோம். பாட்டை மட்டும் கேட்டுட்டுப் போயிடறோம்."

நேரே போய்க் கடைசி வரிசையில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி கைப்பையை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா!" மகளின் குரல் உடைந்தது. "சம்பந்தமே கிடையாதுன்னு எல்லார் முன்னாடியுமா சொல்வீங்க?"

"நாற்காலியோட சம்பந்தம்மா! நான் நாற்காலியைச் சொன்னேன்!"

"போங்கப்பா!" என்று அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு இருக்கை தள்ளி, அந்தப் பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. விளக்குகள் தணிந்தன. முணுமுணுப்பு மேடையேறிக் கும்பிட்டார். கைதட்டல். கையில் கோலோடு கண்டக்டர் வந்து குனிந்தார். அதற்கும் கைதட்டல். பென்சில் பக்கவாட்டுக் கதவோரம் சுவரோடு சுவராக நின்றார். எப்போதும் அங்கேதான் நிற்பார்.

கிளாரினெட் தூங்கி எழுந்தது. செல்லோக்கள் மூச்சு விட்டன. புல்லாங்குழல்காரி சின்னச் சின்னதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, குழலை மடியில் சாய்த்து வயிற்றைத் தடவிக்கொண்டாள். அவர் நினைத்த இடத்தில் நினைத்தபடி எல்லாம் வந்து உட்கார்ந்தன. சொந்தக் குழந்தையைப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்ப்பது மாதிரி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டின் நடுவில் ஓர் இடம் வந்தது. போனில் முணுமுணுப்பு அந்த இடத்துக்கு மெட்டு எதுவும் பாடவில்லை. "இங்க ஏதாவது போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு டிரைவரிடம் வழி சொல்லப் போய்விட்டார். அந்த 'ஏதாவது'வில்தான் பென்சிலின் ஆயுள் முழுக்க இருக்கிறது. இந்தத் தடவை அதை அவர் வயோலாக்களுக்குக் கொடுத்திருந்தார். வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாக, பார்த்தால் வித்தியாசம் தெரியாமல், உச்சத்துக்கும் போகாமல் அடிக்கும் போகாமல் நடுவில் மாட்டிக்கொண்ட வாத்தியம். மற்றவர்கள் கதை சொல்லும்போது 'ம்' கொட்டுவதே அதற்கு வேலை. 'ம்' கொட்டுகிறவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும் என்று பென்சிலுக்கு எப்போதும் தோன்றும். எங்கேயாவது ஓரிடத்தில் எட்டு எண்ணிக்கை அவர்களுக்கு ஒதுக்காமல் அவர் எந்தத் தாளையும் முடித்ததில்லை.

வயலின்கள் அடங்கின. மூன்று ஸ்டாண்ட் வயோலாக்காரர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழுப்பு நிறத்தில், வெல்வெட் மாதிரி அந்தக் குரல் எழுந்தது.

கடைசி வரிசையில் சம்பந்தியும் எழுந்தார்.

எழுந்து நின்றபடியே நின்றார். "சார், மறைக்குது, உட்காருங்க" என்றார் கதவோரம் நின்ற ஒருவர். அவர் காதில் விழவில்லை.

பென்சிலுக்குப் பகீரென்றது. நாற்காலி உடைந்துவிட்டது! ஷெட்டிலிருந்து எடுத்து வந்ததில் இரண்டு நாற்காலிக்குக் கால் சரியில்லை என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. அதிலா போய் உட்கார வேண்டும், அதுவும் இந்த மனுஷன்! உறவு போனது போகட்டும், இடுப்பாவது மிஞ்சட்டும் என்று கதவோரம் கிடந்த நல்ல நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து, யார் காலையோ மிதித்து, மன்னிப்புக் கேட்டு, கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"சார்" என்று கிசுகிசுத்தார். "இது ஆடாது. நல்ல நாற்காலி. இதுல உட்காருங்க."

சம்பந்தி திரும்பினார். முகமெல்லாம் ஈரம்.

"ஐயோ, ஆணி கீணி குத்திடுச்சா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். பென்சிலின் வலது கையைப் பற்றிக்கொண்டார். பாட்டு முடியும் வரை விடவே இல்லை. முணுமுணுப்பு மூன்று தடவை எழுந்து கும்பிட்டார். கண்டக்டருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். அரங்கமே நின்று கைதட்டியது. இரண்டு பேரால் மட்டும் கைதட்ட முடியவில்லை. ஒருவர் கையில் நாற்காலி இருந்தது, இன்னொருவர் கையில் அவர் கை இருந்தது.

ஓசை அடங்கியதும் பென்சில் மெல்லச் சொன்னார்.

"மன்னிச்சிடுங்க சார். இந்த நாற்காலி வேலையெல்லாம் எனக்குச் சரியா வராது. நான் இந்தப் பாட்டைக் கோர்க்கிறவன். யார் எப்போ என்ன வாசிக்கணும்னு எழுதறவன். அன்னைக்கே சொல்லியிருப்பேன், நீங்க தப்பா நினைச்சுக் கேட்டுட்டீங்க, மறுத்துச் சொன்னா சங்கடப்படுவீங்களேன்னுதான்..."

சம்பந்தி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் கையிலிருந்த நாற்காலியைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

இத்தனை நாளும் தண்ணி போதும் என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத சம்பந்தியம்மா எழுந்து வந்தார். நாற்காலியின் முதுகை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கைப்பை கீழே விழுந்தது, அதை எடுக்கக்கூடக் குனிய முடியாமல் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அட, நீங்க இந்த நாற்காலியையா சொல்லிட்டிருந்தீங்க! எங்க ஊர் ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிற ஆளைத்தாங்க நாற்காலின்னு எண்ணுவாங்க; இவரு விரல் மடங்காமப் போற வரைக்கும் இருபத்தாறு வருஷம் வயோலாவுல கடைசி நாற்காலி, அந்தக் கடைசி நாற்காலிக்கும் ஒரு பாட்டு எழுதி வச்ச மனுஷன் வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்ச அன்னைக்கே, பொண்ணு முகத்தைக்கூடப் பாக்காம, இந்தச் சம்பந்தத்துக்குச் சரின்னுட்டாருங்க!"